“டெஸ்டிங் பண்ணிட்டோம் சார்!”

கேள்வி: மொத்த விற்பனை மருந்துக் கிடங்கு நடத்துகிறேன். இருப்புக் கணக்குக்காக எங்களுக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் எழுதித் தர ஒரு சிறிய குழுவிடம் ஒப்படைத்திருக்கிறேன். எப்போது கேட்டாலும் “டெஸ்டிங் பண்ணிட்டோம் சார்” என்கிறார்கள். புரோகிராமிங் தெரியாத நான் தரத்தை எப்படிச் சரிபார்ப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை. இருபது வருடம் டெஸ்டராக இருந்த நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எதை வைத்து டெஸ்ட் செய்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். ஒரு தடவை 40 பொருள்களை வைத்துத் தேடல் திரையைப் பார்த்துவிட்டு ‘ஓகே’ போட்டேன். வாடிக்கையாளரிடம் இருந்தவை 60,000. முதல் நாள் பட்டனை அழுத்திவிட்டு, விடை வரும்வரை வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

உங்களுக்குப் புரோகிராமிங் வேண்டாம். மருந்து தெரியுமே, அதுதான் அவர்களிடம் இல்லாதது. அட்டையில் காலாவதி 03/2027 என்று மாதமும் வருடமும் மட்டும் இருக்கிறது. மார்ச் 31 வரை அது நல்ல சரக்கு என்பது உங்களுக்குத் தெரியும். டேட்டாபேஸோ முழுத் தேதி கேட்கும்; புரோகிராமர் மார்ச் 1 என்று போட்டுவிடுவார். அன்று காலையே சரக்கு காலாவதிப் பட்டியலுக்குப் போய்விடும். அவர் டெஸ்ட் செய்தால் இது பிடிபடுமா? படாது. அவர் நினைத்தபடிதானே ஓடுகிறது!

அதனால் போன வருடம் உங்களைப் படுத்திய பில்களை எடுங்கள். பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்து, அப்புறம் மூன்று திரும்பி வந்தது. ஒரே மருந்து, இரண்டு பேட்ச், இரண்டு காலாவதி. மாதக் கணக்கு முடித்த பிறகு ரத்தான பில். ‘இதைப் போட்டால் இது வர வேண்டும்’ என்று விடையோடு ஒரு முப்பது எழுதிக் கொடுங்கள். கோட் எழுதும் முன்பே கொடுத்துவிட வேண்டும். கடைசித் தவணைப் பணம் இந்த முப்பதும் சரியாக வந்த பிறகுதான் என்று ஒப்பந்தத்திலும் சேருங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவரை எழுதி ஓடுகிற பகுதியைக் காட்டச் சொல்லுங்கள். கீபோர்டு உங்கள் ஆள் கையில் இருக்கட்டும். அவர்களே ஓட்டிக் காட்டினால் குழி இல்லாத பாதையில்தான் போவார்கள்.

“வேறொருவருக்கு நன்றாக ஓடுகிற கோட், அதையே போட்டிருக்கோம்” என்றால் இன்னும் கவனம். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி 40 விநாடிக்குள் சிதறியது. முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய கோட்-ஐத்தான் அதில் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் தொடர்பான ஓர் எண், கோட் ஒதுக்கியிருந்த 16 பிட்டுக்குள் அடங்கவில்லை; அதில் 32,767-க்கு மேல் போகாது. புதிய ராக்கெட்டின் பாதைக் கணக்கை வைத்து அந்தக் கோட்-ஐ முன்கூட்டி ஓட்டிப் பார்க்கவில்லை.

கேள்வி: எங்கள் சாஃப்ட்வேரில் ஒரு தப்பைச் சரிசெய்தால், போன மாதம் சரிசெய்தது திரும்ப வருகிறதே?
– இன்னொரு வாசகர்

பதில்: ஆளுக்கொரு பிரதியில் வேலை செய்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. ‘கிட்’ (Git – கோடில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிந்து, எல்லார் வேலையையும் ஒன்றுசேர்க்க உதவும் கருவி) பயன்படுத்துகிறார்களா என்று முதலில் கேளுங்கள். அப்புறம், சரிசெய்யும் ஒவ்வொரு தப்புக்கும் தானாக ஓடும் ஒரு டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள். புதிய பதிப்பு தரும்போதெல்லாம் பழைய டெஸ்ட் மொத்தமும் ஓடட்டும். “நேரமில்லை சார்” என்பார்கள். போன மாதத்துத் தப்பைத் திரும்பச் சரிசெய்ய எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள்.