ஊசித் துண்டும் தண்ணிப் போத்தலும்

வாசகர் கேள்வி: பதில் சொல்பவர், தைப்புத் தொழிற்சாலை மருத்துவ அறையில் நெடுங்காலம் தாதியாக இருந்து, இப்போது திருகோணமலை உவர்மலையில் ஓய்வாக இருப்பவர்.

கேள்வி: அக்கா, நான் கார்மென்ட்ஸில் கொலர் தைக்கிறன். சேர்ந்து நாலு வருசமும் எட்டு மாதமும். போன மாதம் ஊசி விரலைத் துளைச்சு உடைஞ்சிட்டுது. மருந்து கட்டி, அண்டைக்கே திரும்ப மெசினில இருத்திட்டினம். இப்பவும் தொட்டால் உள்ளுக்குக் குத்துது. லைனுக்கு ஒரே ஒரு டொய்லட் கார்ட், அது கையில இருந்தால்தான் டொய்லட்டுக்குப் போகலாம். அதால தண்ணி குடிக்கிறதையே விட்டிட்டன், சலம் எரியுது. வேலையே வெறுத்துப் போச்சு. விட்டிட்டு வீட்டில மெசின் போட்டுத் தைக்கட்டோ? – வாசகி, சாம்பல்தீவு

பதில்: தங்கச்சி, முதலில் விரல். ஊசி உடைந்தால் லைனில் நடப்பது உங்களுக்குத் தெரியும். சுப்பவைசர் காந்தத்தால் நிலத்தைத் தடவுவார். கிடைத்த துண்டுகளைத் தாளில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்த பிறகுதான் புது ஊசி தருவார். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தச் சட்டைக் கட்டு முழுவதும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். வெளிநாட்டுப் பிள்ளையின் கழுத்தில் குத்திவிடக் கூடாதே! நல்ல பழக்கம்தான். ஆனால் அண்டைக்கு ஒட்டின தாளில் உங்கள் ஊசியின் முனை இருந்ததா? இல்லையென்றால் அதைத் தேட வேண்டிய இடம் உங்கள் விரல். பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுங்கள், உலோகம் தெளிவாகத் தெரியும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டதா இல்லையா என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

விபத்துப் புத்தகத்தில் உங்கள் பெயரும் திகதியும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க இலங்கையில் 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. பதிவில்லாமல் போனால் நாளைக்கு விரல் மடங்காவிட்டாலும் நீங்கள்தான் நிரூபிக்க அலைய வேண்டும். மெசினில் ஃபிங்கர் கார்ட், அதுதான் ஊசிக்குக் கீழே விரல் போகாமல் தடுக்கிற காப்பு, பூட்டியிருந்ததா? ஓடிட் வருகிற அன்றைக்கு மட்டும் பூட்டுகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். டாகெட் (தைத்து முடிக்க வேண்டிய எண்ணிக்கை) ஏறினால் தைக்கிற பிள்ளைகளே கழற்றி வைப்பதும் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன்.

சல எரிவைச் சும்மா விடாதீர்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், அயன் மேசையின் ஆவியும் சேர்ந்த கூடத்தில், பகல் முழுக்கத் தண்ணி குடிக்காமல் இருந்தால் கிருமி ஏறத்தான் செய்யும். யூரின் டெஸ்ட் எடுங்கள். காய்ச்சலோ விலாவில் நோவோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. குடிதண்ணீரும் கழிப்பறையும் கம்பனி தருகிற சலுகை இல்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. டொய்லட் கார்ட் விசயத்தைத் தனியாகக் கேட்காதீர்கள், லைனில் நாலைந்து பேர் சேர்ந்து எச்.ஆருக்கு எழுதிக் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அசையாவிட்டால் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு முறையிடலாம்.

வேலை வெறுத்துப் போச்சு என்கிறீர்கள். திருப்தியா என்று கேட்கும் படிவத்தைச் சுப்பவைசர் பக்கத்தில் நிற்க நிரப்பச் சொல்வார்கள், எல்லாரும் சிரிக்கிற முகத்தில் புள்ளடி போடுவார்கள். அதைவிட உங்கள் கடிதம் உண்மை. ஆனால் அதில் தையலைப் பற்றி ஒரு குறையும் இல்லையே! தாகமும் நோவும் தீர்ந்த பிறகு யோசியுங்கள்.

அதோடு காசுக் கணக்கு. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருசம் முடித்தவருக்கு, தானே விலகினாலும், வருசத்துக்கு அரை மாதச் சம்பளம் உண்டு. இன்றைக்கு விலகல் கடிதம் கொடுத்தால் அது ஒரு சதமும் வராது. இன்னும் நாலு மாதம்தானே. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எப்படியும் உங்கள் பெயரில் மத்திய வங்கியில் கிடக்கும். உடம்பு இடம் கொடுக்காது என்று டொக்டர் சொன்னால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: கட்டிங்கில் வேலை. இரும்புக் கையுறை போட்டால் துணியைத் திருப்பக் கை ஓடுதில்லை. விட்டால் என்ன? – வாசகர், கிண்ணியா

பதில்: தம்பி, கை ஓடாவிட்டால் கையுறை பெரிசு. உங்கள் அளவுக்கு ஒன்று கேட்டு வாங்குங்கள். அதுவரைக்கும் பாண்ட் கத்திக்குக் கிட்டப் போக வேண்டாம்.