பக்தியான வீட்டில் வளர்ந்ததை மேடை நகைச்சுவையாக்கலாமா? சாமி குத்தம் ஆகாதா?

ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் வளர்ந்தவர்கள் அடிக்கடி கேட்பது இது. தாராளமாக ஆக்கலாம். ஆனால் சாமியைத் தொட வேண்டாம். சிரிப்பு இருப்பது வாளியிலும் வரிசையிலும்தான்.

ராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தம். கிணற்று மேட்டில் நிற்பவர் இறைத்து ஊற்றும்போது முன்னால் நிற்கும் மாமாவுக்கு முழு வாளி, பின்னால் நிற்கும் பையனுக்கு நாலு சொட்டு. "அம்மா, எனக்குப் போனது பாதிப் பாவம்தான்!" சடங்கின் கணக்கைப் பெரியவர்களைவிடக் கறாராகப் பார்க்கும் பிள்ளை, அவ்வளவுதான் சூத்திரம். இதையே "பாதிப் பாவம்தான் எனக்குப் போயிருக்கு" என்று சொன்னால் பாதிச் சிரிப்பும் போய்விடும். வெடிக்கிற சொல் கடைசியில் வரட்டும்.

நோன்புக் கஞ்சிக்கும் அதே கதை: பள்ளிவாசலில் தூக்குச் சட்டியோடு முதல் ஆளாக நிற்பவன் நோன்பு வைக்காத பொடியன்.

சொதப்புவது பெரும்பாலும் முன்கதையில். வெளியூர்க் கூட்டத்துக்குச் சடங்கை இரண்டு வரியில் சொல்லுங்கள். ஐந்தாவது வரியில் அது உபன்யாசம். அடுத்த மதத்துக்காரரின் பேச்சு வழக்கைப் போலிசெய்வது அதைவிட மோசம், அது வெறும் கேலி. எழுதியதை முதலில் வீட்டில் அதிகம் விரதம் இருக்கும் அத்தையிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முந்தானையால் வாயை மூடினால் மேடைக்குப் போகலாம்.