மண்டபம் ஆபீஸ் நெட்வொர்க்: முதலில் கேபிள் முனையைப் பாருங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஐந்து கணினி உள்ள மீன் ஏற்றுமதி ஆபீஸ், இணையம் நன்றாக இருக்கிறது, ஆனால் சர்வரிலிருந்து பில்லிங் ஃபைல் திறக்க மட்டும் இரண்டு மாதமாக இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்படியென்றால் கோளாறு ஆபீசுக்கு உள்ளேதான்.

சர்வர் கணினியில் விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்கைத் திறந்து இணைப்பு வேகம் பாருங்கள். 1000 எம்பிபிஎஸ் (Mbps, நொடிக்கு இத்தனை மெகாபிட்) இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால் பாதி விடை கிடைத்துவிட்டது. நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பி. 1000க்கு எட்டும் வேண்டும், 100க்கு நாலே போதும். ஒரு கம்பி தொடர்பு விட்டால், பல நேரம் இணைப்பு அறுவதில்லை. சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. உங்கள் இணையத் திட்டம் 100க்குள் இருந்தால் அங்கே வித்தியாசமே தெரியாது.

நம் கடலோரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது உப்புக்காற்றைத்தான். பாம்பனில் ஓர் ஆபீசில் கேபிள் முனையிலுள்ள பிளக்கை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டுத் தகட்டில் இரண்டில் பச்சைக் களிம்பு. சுரண்டிச் சரிசெய்யாதீர்கள், தகட்டின் மேல்பூச்சு போய்விடும். முனையை வெட்டிவிட்டுப் புது பிளக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது அதற்கான கருவியால் அழுத்திப் பொருத்துங்கள். கணினிகளின் கேபிள்கள் வந்து சேரும் பெட்டியான நெட்வொர்க் சுவிட்ச் பக்கத்து முனையையும் மறக்க வேண்டாம். கேபிளையே மாற்றுவதானால் முழுச் செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியது விலை குறைவு, ஆனால் இந்தக் காற்றுக்குத் தாங்காது. சுவிட்சையும் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

அப்புறம், 1000 காட்டியும் இழுத்தால் சர்வரின் ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும். எந்த எண் வந்தது என்று எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.