குடியரசில் மன்னரைத் திரும்பக் கொண்டுவரச் சட்டப்படி வழி உண்டா?

கேள்வி: எங்கள் நாடு குடியரசாகி இரண்டு தலைமுறை ஆகிறது. பழைய அரச குடும்பம் இன்னும் இருக்கிறது. கட்சிக்காரரே அதிபராக வருவது அலுத்துவிட்டது. அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சியைச் சட்டப்படி மீட்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நடந்திருக்கிறது, ஆனால் அபூர்வமாக. மன்னர் யார் என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் அரசியலமைப்பில் திருத்தம் பற்றிய பிரிவைப் படியுங்கள். பிரான்ஸ் (பிரிவு 89), இத்தாலி (139), கிரேக்கம் (110) ஆகியவை குடியரசு வடிவத்தில் கைவைக்கவே கூடாது என்று எழுதி வைத்திருக்கின்றன. அப்படி ஒரு தடை இருந்தால், நாடாளுமன்றத்தில் எத்தனை பேர் கை தூக்கினாலும் போதாது. புது அரசியலமைப்பே எழுத வேண்டிவரும். அந்தத் தடையை முதலில் நீக்கிவிட்டு அப்புறம் திருத்தலாமே என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அதை நம்பி நீதிமன்றப் படி ஏறாதீர்கள். தடை இல்லையென்றால் சிறப்புப் பெரும்பான்மை, தேவைப்பட்டால் பொதுவாக்கெடுப்பு, அவ்வளவுதான்.

மீட்சி நடந்த இடங்களைப் பாருங்கள். கம்போடியாவில் 1970இல் முடியாட்சி போனது. போர், படுகொலை எல்லாம் கடந்து, ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடந்து, 1993இல் புது அரசியலமைப்போடு சிஹானூக் மீண்டும் மன்னரானார். ஸ்பெயினில் 1931இல் வந்த குடியரசு உள்நாட்டுப் போரில் வீழ்ந்தது. அதில் வென்று சர்வாதிகாரியான பிராங்கோ, 1969இல் பழைய அரச குடும்பத்து ஹுவான் கார்லோஸைத் தன் வாரிசாக அறிவித்தார். 1975இல் ஹுவான் கார்லோஸ் மன்னரானார். 1978இல் மக்கள் ஒட்டுமொத்த அரசியலமைப்புக்கு வாக்களித்தார்கள். மன்னர் வேண்டுமா என்று தனியாக யாரும் கேட்கவில்லை. இரண்டு நாட்டிலும் பழைய ஏற்பாடு ஏற்கெனவே சிதைந்திருந்தது. அமைதியாக ஓடிக்கொண்டிருந்த குடியரசு ஒன்று, நேர்மையான வாக்கெடுப்பில் மன்னரைக் கேட்டு வாங்கியதாக எனக்குத் தெரிந்து ஓர் உதாரணமும் இல்லை. பிரேசிலில் 1993இல் செல்லுபடியான வாக்குகளில் முடியாட்சிக்கு விழுந்தது சுமார் 13 சதவீதம். அல்பேனியாவில் 1997இல் மூன்றில் ஒரு பங்கு. கிரேக்கத்தில் 1935இல் கிட்டத்தட்ட 98 சதவீதம் வந்ததே என்பீர்கள். அது மோசடி வாக்கெடுப்பு, அதை மேடையில் சொல்லிவிடாதீர்கள். பல்கேரியாவில் முன்னாள் மன்னர் இரண்டாம் சிமியோன் 2001இல் தேர்தலில் வென்று பிரதமரே ஆனார். அப்போதும் அரியணை திரும்பவில்லை.

அப்புறம் வாரிசுச் சிக்கல். பல இயக்கங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பிரேசில் அரச குடும்பம் இரண்டு கிளையாகப் பிரிந்து ஆளுக்கொரு உரிமை பேசுகிறது. பிரான்சில் 1873இல் எல்லாம் கூடிவந்த நேரத்தில், வாரிசான ஷாம்போர் கோமகன் புரட்சிக் காலத்து மூவண்ணக் கொடியை ஏற்க மறுத்தார், காரியம் கெட்டது. எனவே ஓர் ஆளை முன்னிறுத்தாமல் ஒரு விதியை முன்னிறுத்துங்கள். கம்போடியா செய்தது நல்ல வழி: அங்கே மூத்த மகனுக்குத் தானாக முடி போவதில்லை. குறிப்பிட்ட அரச வழித்தோன்றல்களில் 30 வயது நிறைந்த ஒருவரை அரியணை மன்றம் தேர்ந்தெடுக்கிறது. 2004இல் சிஹாமோனி அப்படித்தான் வந்தார்.

அதிகாரத்தை எவ்வளவு குறைவாகக் கேட்கிறீர்களோ அவ்வளவு நல்லது. ஸ்வீடனின் 1974 அரசியலமைப்பில் பிரதமரை முன்மொழிவதுகூட மன்னர் அல்ல, நாடாளுமன்றத் தலைவர். மசோதாவில் மன்னர் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் வரைவிலேயே எழுதுங்கள். பெல்ஜியத்தில் 1990இல் கருக்கலைப்புச் சட்டத்துக்கு மன்னர் போதுவான் ஒப்புதல் தர மறுத்தார். அவரால் ஆட்சி செய்ய இயலாது என்று ஒன்றரை நாள் அறிவித்து, அமைச்சரவையே கையெழுத்திட்டது. லக்சம்பர்க்கில் 2008இல் கருணைக்கொலை மசோதா விஷயத்தில், அங்கே மன்னர் இடத்தில் இருந்த கோமகன் இப்படி மறுத்ததும், அரசியலமைப்பையே திருத்தி அவருடைய ஒப்புதல் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள்.

கடைசியாக, உங்கள் குறை கட்சி அதிபர்கள் மீதுதான் என்றால் மன்னர் இல்லாமலே அதைத் தீர்க்கலாம். இத்தாலியில் குடியரசுத் தலைவரை நாடாளுமன்றமும் மண்டலப் பிரதிநிதிகளும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் மூன்று சுற்றுகளில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். தனிக் கட்சியால் அது கஷ்டம். இதுபோன்ற ஒரு திருத்தத்துக்கு ஆதரவு திரட்டுவது உங்கள் நாட்டில் எளிதா என்று முதலில் பாருங்கள். எளிதென்றால், நான் அரியணையைத் தேடிப் போகமாட்டேன்.