மிஸ்ஸியிட்டக் கேளுங்கோ: அப்புவின்ர சுருட்டும் அம்மாவின்ர பிளேன்ரீயும்

போன மாசம் நூறு வயசு வரைக்கும் இருக்க என்ன செய்யலாம் எண்டு ஆரோ ஒராள் கேட்டாலும் கேட்டார், அதுக்குப் பிறகு கடிதமும் வட்ஸ்அப் வொய்ஸும் வந்து குவிஞ்சு போச்சு. எல்லாத்துக்கும் இடமில்லை, சிலதுக்குச் சொல்லுறன். நான் டொக்டர் இல்லை, முப்பது வருசம் வாட்டில நிண்ட நேர்ஸ், அதை ஞாபகம் வச்சு வாசியுங்கோ.

எங்கட அப்பு 92 வயசு வரைக்கும் இருந்தவர். ஒரு நாளைக்கு நாலஞ்சு சுருட்டு, பின்னேரத்தில கள்ளு. ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை. பிறகென்னத்துக்கு மிஸ்ஸி இந்தப் பழக்கவழக்கக் கதை எல்லாம்?
— வாசகர், புதுக்குடியிருப்பு

தம்பி, இந்த அப்பு எல்லா வீட்டிலயும் ஒராள் இருக்கிறார். பிரான்சில ஜீன் கல்மோ எண்டு ஒரு மனுசி, 1875ல பிறந்து 1997ல சாகேக்க 122 வயசு, உலகத்தில பதிவான ஆக்களுக்குள்ள ஆகக்கூட வயசு இருந்தது அவதான், அவவும் சிகரட் பத்தினவதான். இப்ப அதுக்கு என்ன செய்யிறது?

நீங்க ஒண்டு செய்யுங்கோ. அப்புவோட கூடப்பிறந்தவை எத்தினை பேர், அதில நாப்பது வயசைக் கண்டவை எத்தினை பேர் எண்டு வீட்டில பெரியாக்களிட்டக் கேளுங்கோ. காடு வெட்டிக் குடியேறின காலத்தில வன்னியெண்டா மலேரியாதான், குலைப்பன் காய்ச்சல் எண்டு வந்து போனவை, பிள்ளைப்பெறுவில போனவை, பாம்பு கடிச்சுப் போனவை, அவையின்ர படம் கூட ஒரு வீட்டிலயும் இல்லை. தப்பி நிண்ட அப்பு மட்டும் சாய்மனைக் கதிரையில இருந்து சுருட்டுப் புகைக்க நாங்கள் அதைப் பாத்திட்டு அந்தக் காலம் நல்ல காலம் எண்டுறம். இலங்கையில மலேரியா இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்னதே 2016லதான்.

சுருட்டுக்குக் கணக்குக் கிடக்கு. இங்கிலாந்தில 1951ல தொடங்கி ஐம்பது வருசம் ஆண் டொக்டர்மாரையே தொடர்ந்து கவனிச்சவை. சிகரட்டை 60 வயசில விட்டவைக்கே கிட்டத்தட்ட 3 வருசம் கூடக் கிடைச்சிருக்கு, 50ல விட்டா 6, 40ல 9, 30ல 10 வருசம். அதாலை காலம் போட்டுது எண்டு சொல்லேலாது. வெத்திலைக்காரர் சிரிக்காதேங்கோ, புகையிலை போடாட்டிலும் பாக்கே புற்றுநோயைக் குடுக்கிற சாமான் எண்டு 2004லயே சொல்லியாச்சு. எங்கட நாட்டு ஆம்பிளையளுக்கு வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிக்குது. வாய்க்குள்ள வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ ரெண்டு கிழமைக்கு மேல கிடந்தா பல் டொக்டரிட்டக் காட்டுங்கோ.

இன்னொண்டு, அப்பு வயலுக்கு நடந்து போனவர், நீங்க மோட்டச்சைக்கிள்ல போறியள். அப்பு மண்வெட்டி பிடிச்சு வரம்பு கட்டினவர், உங்களுக்கு அதுக்கும் மெசின். அப்புவிட்ட இருந்து சுருட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மண்வெட்டியை விட்டிட்டியள்.

எனக்கு 61 வயசு. மகள் லண்டனில இருந்து கையில கட்டுற பட்டி ஒண்டு அனுப்பினவ, ஒரு நாளைக்கு பத்தாயிரம் அடி நடக்கட்டாம். ஆறாயிரம் தாண்ட முழங்கால் நோகுது. ஊரில வேற, வெள்ளண யானை நிக்கும்.
— வாசகி, நெடுங்கேணி

அக்கா, யானை நிக்கிற றோட்டில ஆரோக்கியத்துக்கு நடக்கப் போய் ஆரோக்கியம் இல்லாமப் போகவேண்டாம்.

பத்தாயிரம் எண்டது ஒரு டொக்டரும் எழுதிக் குடுத்த கணக்கில்லை. 1965ல ஜப்பான்ல அடி எண்ணுற கருவி ஒண்டு விக்க வந்தது, அதின்ர பேரே பத்தாயிரம் அடி மீற்றர் எண்ட கருத்திலதான் வச்சவை, சொல்ல நல்லா இருந்துது, அப்பிடியே உலகம் முழுக்கப் பரவிப்போச்சு. பிறகு உண்மையாவே எண்ணிப் பாத்த ஆய்வுகளில 60 தாண்டின ஆக்களுக்கு ஆறாயிரம் தொடக்கம் எண்ணாயிரம் வரைதான் பலன் ஏறிக்கொண்டு போகுது, அதுக்கு மேல பெரிய வித்தியாசம் இல்லை. அப்ப நீங்க இப்பவே சரியாத்தான் நிக்கிறியள், மகளுக்குச் சொல்லுங்கோ.

சாப்பிட்ட உடன கதிரையில சாயாம பத்துப் பதினைஞ்சு நிமிசம் வளவுக்குள்ள நடவுங்கோ. மாமரத்தடிக்கும் கிணத்தடிக்கும் ரெண்டு மூண்டு தரம் போய் வந்தாலே காணும், சாப்பாட்டோட ஏறுற சீனி அந்த நேரத்தில குறைவா ஏறும், காலில இருக்கிற தசை அதை எடுத்துச் செலவழிக்குது. ராவில ரோச் பிடிச்சுக்கொண்டு நடவுங்கோ, பாம்பு நிக்கும்.

வெறும் வயித்தில சுடுதண்ணியும் தேசிக்காயும் குடிச்சா குடலில இருக்கிற நஞ்செல்லாம் போகுமாமே?
— வாசகர், பரந்தன்

போகாது. அந்த வேலைக்கு ஈரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாம நிக்குது. தேசிக்காயைச் சம்பலுக்குப் பிழியுங்கோ.

சோத்தைப் பாதியாக் குறைச்சிட்டன், கொத்து, ரோல்ஸ் ஒண்டும் இல்லை, எண்டாலும் இடுப்பு குறையுதில்லை. என்ன பிழை விடுறன்?
— வாசகி, கிளிநொச்சி

தங்கச்சி, நீங்க எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன், தேத்தண்ணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அங்கதான் எனக்குச் சந்தேகம்.

என்ர மச்சாள் ஒராளுக்கும் இதே கதைதான். நான் சீனியே சாப்பிடுறதில்லை எண்டு சத்தியம் பண்ணினவ. நான் ஒரு வெறும் ஜாம் போத்திலைக் குடுத்து, மச்சாள், இண்டைக்கு ஒவ்வொரு பிளேன்ரீக்கும் எவ்வளவு சீனி போடுறியளோ அதேயளவை இதுக்குள்ளயும் போடுங்கோ எண்டன். காலமை எழும்பின உடன ஒண்டு, பத்து மணிக்கு ஒண்டு, பின்னேரம் ஆரும் வந்தா அவையோட ஒண்டு, இப்பிடி அஞ்சு. ஒவ்வொண்டுக்கும் மூண்டு தேக்கரண்டி. பொழுதுபடேக்க போத்திலைத் தூக்கிப் பாத்திட்டு, இதென்ன பிள்ளையாருக்கு மோதகம் அவிக்கவோ எண்டு கேட்டவ. பதினைஞ்சு கரண்டி, கரண்டிக்கு 4 கிராம் எண்டு பாத்தாலும் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது 50 கிராமுக்கு உள்ள, ஏலுமெண்டா 25.

ஒரேயடியா விடாதேங்கோ, மூண்டாம் நாள் கோவம் வந்து நாலு கரண்டி போட்டுக் குடிப்பியள். கிழமைக்கு அரைக்கரண்டி குறையுங்கோ, நாக்குப் பழகும். முந்தி உள்ளங்கையில கொஞ்சம் சீனியை வச்சு நக்கி நக்கிக் குடிப்பம், அதுவும் மோசமில்லை, ஒரு கிளாசுக்கு ஒரு நுள்ளு போதும். பனங்கட்டி நல்லதுதானே எண்டு அடுத்த கடிதம் எழுதாதேங்கோ, பனங்கட்டியும் சீனிதான், ருசி திறம், அவ்வளவுதான். சோடாப் போத்தில்ல 2016ல இருந்து சிவப்பு, செம்மஞ்சள், பச்சை எண்டு நிறம் போட்டிருக்கு, கடையில பிள்ளையளுக்கு வாங்கேக்க சிவப்பெண்டா திருப்பி வையுங்கோ.

இடுப்பை அளக்கிறதெண்டா தையல் நாடாவால தொப்புள் மட்டத்தில அளவுங்கோ, எங்கட ஆக்களில பொம்பிளையளுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல, ஆம்பிளையளுக்கு 90க்கு மேல எண்டா யோசிக்கவேணும், உடுப்புத் தைக்கிற அளவை நம்பாதேங்கோ.

வயல் வேலை செய்யிறனான். எங்கட பக்கம் கனபேருக்குக் கிட்னி வருத்தம். தண்ணியாலதான் வருதெண்டு சொல்லுறது உண்மையோ?
— வாசகர், வவுனியா

ஏன் வருதெண்டு ஆராயிறவையே இன்னும் ஒத்த முடிவுக்கு வரேல்லை. தண்ணியையும் சொல்லுகினம், வெயிலையும் தண்ணிவிடாயையும் சொல்லுகினம். உங்கட கையில இருக்கிறது என்னெண்டா, வெயிலுக்க நிக்கேக்க தாகம் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்காமக் குடியுங்கோ, போத்திலை வரம்பில வச்சிட்டு அங்கால போகாதேங்கோ, பக்கத்திலயே வச்சிருங்கோ. மற்றது, இடுப்பு நோவெண்டு பாமசியில கேட்டு வாங்கிப் போடுற நோக்குளிசை, அதை நாளாந்தம் போடுறதைப் போல கிட்னிக்குக் கூடாத வேலை வேற இல்லை. வாட்டில நான் கண்ட கனபேர் அதைக் குளிசையாவே கணக்கெடுக்கிறேல்லை, மருந்து ஏதும் பாவிக்கிறியளோ எண்டு கேட்டா இல்லை எண்டுவினம், சேட்டுப் பொக்கற்றுக்குள்ள காட் கிடக்கும். வருசத்துக்கு ஒருக்கா கிரியாற்றினின் எண்ட ரத்தச் சோதனை செய்து பாருங்கோ, கிட்னி எப்பிடி வேலை செய்யுதெண்டு அது காட்டும், பிரஷரையும் சீனியையும் அதோட சேத்துப் பாத்திட்டு வாங்கோ. அரச ஆஸ்பத்திரியில காசில்லை, ஒரு காலமைதான் மினக்கெடும்.

நான் கனடாவில இருக்கிறன். அம்மா விசுவமடுவில தனிய, 74 வயசு. காசு, மா, விற்றமின் எல்லாம் ஒழுங்கா அனுப்புறன். வேற என்ன செய்யலாம்?
— வாசகர்

காசு அனுப்புறியள் சரி. ஆனா 1938ல அமெரிக்காவில ஹார்வர்ட்டில தொடங்கி இண்டைக்கும் நடக்கிற ஆய்வொண்டில, 80 வயசில நல்லா இருந்தவை ஆரெண்டு பின்னுக்குப் போய்ப் பாத்தா 50 வயசில உறவுகளோட சந்தோசமா இருந்தவைதான். கொலஸ்ட்ரோலை விட அது நல்லாச் சொல்லிக்காட்டினது. விற்றமின் போத்தில் ஆரோடயும் கதைக்காது.

அம்மா விழுந்திடக்கூடாது, அதுதான் முதல் பயம். அடுப்படிச் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒத்தைக்கால்ல பத்துச் செக்கன் நிக்க ஏலுதோ எண்டு வீடியோக் கோல்ல பாருங்கோ, பக்கத்தில ஆரும் நிக்கேக்க. ஏலாட்டிப் பயப்பிடாம, நாளுக்கு ரெண்டு தரம் பிடிச்சுக்கொண்டு பழகட்டும். கிணத்தடியில வழுக்கிற பாசியைத் தேய்ச்சுவிட ஒராளைப் பிடியுங்கோ, குளியலறைக்கு ஒரு கைபிடி போடுவியுங்கோ, அடுத்த விற்றமின் காசு அதுக்குக் காணும்.

போன் எடுக்கேக்க சாப்பிட்டியளோ எண்டு கேக்காதேங்கோ, ஓமெண்டுதான் சொல்லுவா. இண்டைக்கு ஆரம்மா வந்தவை, நீங்க ஆற்ற வீட்ட போனீங்க எண்டு கேளுங்கோ. மூண்டு நாளா ஒருத்தரும் இல்லையெண்டா பக்கத்து வீட்டுக்கு நீங்களே ஒரு கோல் எடுங்கோ. ஏலுமெண்டா அஞ்சாறு ஊர்க்கோழி வாங்கிக் குடுங்கோ. தீன் போடக் குனிவா, அடைக்க ஓடுவா, முட்டை கேட்டுச் சனம் படலையைத் திறக்கும். சேவல் மட்டும் ஒண்டுக்கு மேல வேண்டாம், விடியக்காலமைச் சத்தத்தில பக்கத்து வீட்டோட சண்டை வரும்.