நனையாத துணி: துப்பறியும் கதை எழுதுவோர் கேட்கிறார்கள்

காவல்துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது சேலத்தில் வசிக்கும் எங்கள் பத்தியாளர், குழந்தையை வைத்துக் கொலைக்கதை எழுதுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: அம்மா, வணக்கம். சேலம் ஐந்து ரோட்டில் துப்பறியும் நிறுவனம் நடத்தும் இரண்டு நண்பர்கள், ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவுக்குப் போகிறார்கள். அங்கே குடியிருந்த பெண் கொலையுண்டு கிடக்கிறாள். தூளியில் இரண்டு மாதக் குழந்தை. அதற்கும் ஆபத்து வரும் என்று அஞ்சி, யாருக்கும் சொல்லாமல் தங்கள் அறைக்குத் தூக்கிவந்து, பதினொரு நாள் வளர்த்துக்கொண்டே கொலையாளியைப் பிடிக்கிறார்கள். நகைச்சுவை கலந்து எழுதியிருக்கிறேன். நம்பும்படி இருக்கிறதா?
— வாசகர், அயோத்தியாப்பட்டினம்

பதில்: நம்பும்படி இல்லை. உங்கள் நண்பர்கள் இரண்டாம் அத்தியாயம் முடிவதற்குள் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கொலை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தது ஒரு குற்றம். குழந்தையைத் தூக்கிச் சென்றது வேறொரு சிக்கல். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, ஆதரவின்றிக் கிடக்கும் குழந்தையைக் காண்பவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ, 1098 என்ற உதவி எண்ணுக்கோ, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தாக வேண்டும். குழந்தையையும் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவின் முன் கொண்டுவந்துவிட வேண்டும். தனியார் துப்பறிவாளர்களுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமே கிடையாது. 2007இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதாவும் சட்டமாகவில்லை. ஆகவே அடையாள அட்டையை நீட்டி யாரையும் விசாரிக்கும் அதிகாரம் உங்கள் நாயகர்களுக்கு இல்லை. பால்காரரிடம் பேச்சுக் கொடுப்பதுதான் அவர்களால் முடிந்தது, அதுவே கதைக்கும் நல்லது.

ஆனாலும் உங்கள் கருவைக் கைவிட வேண்டியதில்லை. நண்பர்களில் ஒருவனை இறந்தவளின் தம்பியாக்கிவிடுங்கள். அப்போது அவன் குழந்தைக்குத் தாய்மாமன். குழந்தையின் தந்தை மீது சந்தேகம் இருக்கும்போது, குழு விசாரித்துவிட்டுக் குழந்தையைத் தாய்வழி உறவினரிடம் ஒப்படைக்கலாம். பதினொரு நாள் மறைத்து வைக்க வேண்டிய தேவையே எழாது. காது குத்தும் நாளில் மடியில் உட்கார்த்திக்கொள்ள வேண்டிய மாமன், அதற்கு முன்பே ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கலக்க வேண்டியிருக்கிறது என்றால், நீங்கள் தேடும் நகைச்சுவை தானாக வரும். அக்காவை இழந்தவன் அவன் என்பதால், சிரிப்புக்கு அடியில் ஒரு கனமும் இருக்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. உங்கள் நாயகர்கள் மாலை ஆறு மணிக்கு ஒரு வீட்டைக் கண்காணிக்கத் தொடங்கி, விடியும் வரை காரில் அசையாமல் இருக்கிறார்கள்; பின்னிருக்கையில் குழந்தை தூங்குகிறது. இரண்டு மாதக் குழந்தை ஏறத்தாழ இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கேட்கும். கலக்கி வைத்த புட்டிப்பாலையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது. அந்தக் காரில் கொதித்த நீர் எங்கிருந்து வந்தது?

பணியில் இருந்தபோது ஒரு மழை இரவில், பேருந்து நிலையத்தில் தனியே கிடந்த கைக்குழந்தை ஒன்று எங்கள் நிலையத்துக்கு வந்தது. முறைப்படி எல்லோருக்கும் தகவல் சொல்லி, மருத்துவரிடம் காட்டி முடித்த பின்னும், அழைத்துச் செல்ல ஆள் வந்து சேர விடியற்காலை ஆகிவிட்டது. நான்கு பிள்ளைகளைப் பெற்ற தலைமைக் காவலர் ஒருவர்தான் பொறுப்பேற்றார். முப்பது ஆண்டுகள் லத்தி பிடித்த கை, பாலாடையைப் பிடித்தபோது நடுங்கியதைப் பார்த்தேன். பால் உள்ளே போனதும் குழந்தையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டே அவர் எழுத்தர் அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தார். ஏப்பம் வந்த பிறகும் நிற்கவில்லை, நின்றால் அழுதது. எழுத்தர் தொலைபேசிச் செய்திகளைக் கிசுகிசுப்பாக வாங்கி எழுதினார். பதற்றத்தோடு உள்ளே வந்த புகார்தாரர்கள்கூட அன்று குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு குழந்தை வந்தால் விசாரணையின் நடை மாறிவிடும். உங்கள் கதையில் அந்த மாற்றத்தைக் காணோம்.

கேள்வி: குழந்தை வெறும் சுமையாக இல்லாமல், கொலையைத் துலக்க உதவ வேண்டும் என்று நினைக்கிறேன். பேசத் தெரியாத குழந்தையிடமிருந்து என்ன தடயம் கிடைக்கும்?
— வாசகி, சூரமங்கலம்

பதில்: இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டிருக்க வேண்டும். முன்னவரின் கதையையே எடுத்துக்கொள்வோம். தாய் முந்தின இரவு ஒன்பது மணியை ஒட்டி இறந்திருக்கிறாள்; காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கப்படுகிறது. பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் நேரத்தை ஒரு வரம்பாகத்தான் சொல்வார், அதிலும் மலைக் குளிரில் உடல் விரைவாகச் சில்லிட்டுவிடும். ஆனால் தூளியில் இன்னொரு கடிகாரம் கிடக்கிறது. குழந்தையின் இடுப்பில் சுற்றிய துணி காய்ந்திருக்கிறது.

இரண்டு மாதக் குழந்தை எப்போதாவது பாலைக்கூட மறந்து நீண்ட நேரம் தூங்கிவிடும். ஒன்பது மணி நேரம் துணியை நனைக்காமல் தூங்காது. பால் இல்லாமல் உடல் வறண்டதால் சிறுநீர் வரவில்லை என்று ஒரு சந்தேகம் எழலாம். அப்படியென்றால் உச்சிக்குழி உள்வாங்கியிருக்கும், நாக்கு உலர்ந்திருக்கும், அழக்கூடத் தெம்பில்லாமல் குழந்தை துவண்டிருக்கும். உச்சிக்குழி சமமாக இருந்து, கடைவாயில் திரிந்த பாலும் ஒட்டியிருந்தால், தாய் இறந்த பின்பு அந்த வீட்டில் ஒருவர் இருந்திருக்கிறார், குழந்தைக்குப் பால் கொடுத்திருக்கிறார், துணி மாற்றியிருக்கிறார் என்று ஆகிறது. அவர் கொலையாளியா, பயந்து ஓடிய சாட்சியா என்ற கேள்வி நூறு பக்கங்களைத் தாங்கும்.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். தாய் பன்னிரண்டு துணிகள் வைத்திருந்தாள். மூடுபனியில் எதுவும் காயாததால் சில கொடியில் ஈரமாகத் தொங்குகின்றன, மற்றவை வாளியில் கிடக்கின்றன. எண்ணினால் பன்னிரண்டும் இருக்கின்றன. குழந்தை கட்டியிருப்பது பதின்மூன்றாவது; பலமுறை துவைத்துப் பஞ்சாகிப்போன பழைய வேட்டியில் கிழித்தது, ஓரத்தில் கரையின் இரண்டு நூல் மிச்சம். ஆண்கள் யாரும் தங்காத அந்த வீட்டுக்கு வேட்டி எங்கிருந்து வந்தது? கைக்குழந்தைக்குப் பழைய வேட்டிதான் உறுத்தாது என்று தெரிந்த கை யாருடையது? இந்தத் தடயத்தை நகரத்து நாயகர்கள் கவனிக்க மாட்டார்கள். துணியை அலசிப் போட்டுவிட்டு மறுநாள் தலையில் அடித்துக்கொள்ளட்டும்.

குழந்தையின் வயதைக் கண்டுபிடிக்க வேண்டிய கதையானால் இடது தோளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி சில வாரங்கள் கழித்துத்தான் சிறு கொப்புளமாகி, பின்பு தழும்பாகும். மணிக்கட்டில் வசம்பு வளையல் இருந்தால், வீட்டில் ஒரு பாட்டி இருந்திருக்கிறாள் என்று ஊகிக்கலாம். ஊகம்தான், சாட்சியம் அல்ல.

கேள்வி: கொலையாளியைக் கண்டதும் குழந்தை வீறிட்டு அழ, அதை வைத்தே நாயகன் அவனைப் பிடிப்பதாக முடிக்கலாமா?
— வாசகர், ஆத்தூர்

பதில்: வேண்டாம். வேற்று முகத்தைக் கண்டு மிரளும் பழக்கம் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேல்தான் வரும். வந்த பிறகு குழந்தை மீசை வைத்த மருத்துவரைக் கண்டும் அழும், கண்ணாடி போட்ட சித்தியைக் கண்டும் அழும். கேள்வியைப் புரிந்து விடை சொல்ல இயலாத பிஞ்சு நீதிமன்றத்தில் சாட்சியாகவும் முடியாது. அழாமல் இருந்தது எப்போது என்று பாருங்கள், அதில் வேண்டுமானால் கதை இருக்கும்.

கேள்வி: குழந்தையை வளர்க்கத் தெரியாமல் திணறும் துப்பறிவாளர்கள் அதை அரசுத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடுவதாக ஒரு நகைச்சுவைக் காட்சி வைத்திருக்கிறேன். சரிதானே?
— வாசகர், ஓமலூர்

பதில்: எடுத்துவிடுங்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் நம் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. பிறந்த பெண் சிசுக்களைக் கொன்றுவந்த கொடுமையைத் தடுக்க வந்தது. அந்தத் தொட்டிலின் அருகே நின்ற தாய்மார்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன், அங்கே சிரிப்பு வராது. மேலும் உங்கள் குழந்தை கொலை நடந்த இடத்தில் கிடைத்தது. அதன் உடையும் போர்வையும் வழக்கின் தடயங்கள். அதைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடுபவன் துப்பறிவாளன் அல்லன்.

கேள்வி: ஏற்காட்டின் சூழலைக் கதையில் எப்படிக் கொண்டுவருவது?
— வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: மூடுபனி, பாழடைந்த பங்களா, முறைத்துப் பார்க்கும் மலைக்கிராமத்து வேலைக்காரர் என்ற மூன்றையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சேர்வராயன் மலையின் பூர்வகுடி மக்களைச் சந்தேக முகங்களாகவே எழுதிச் சலித்துவிட்டது. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வயிறு நிறையப் பால் குடித்த குழந்தையோடு அவற்றை ஏறினால் எத்தனையாவது வளைவில் சட்டை நனையும் என்பதை எழுதுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஆட்கள் காலையிலேயே தோட்டத்துக்குள் இருப்பார்கள். யார் எந்த வழியாகப் போனார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் துப்பறிவாளன் அதட்டிக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். குழந்தையோடு போனால், பிடிக்கத் தெரியாமல் பிடித்திருக்கிறானே என்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கேட்காததையும் சொல்வார்கள்.

கேள்வி: குழந்தையின் அழுகையை எழுத்தில் எப்படிக் காட்டுவது? ‘வீல்’ என்று எழுதி எழுதி அலுத்துவிட்டது.
— வாசகர், ஏற்காடு

பதில்: முதல் அத்தியாயத்தில் ஒரே ஒரு ‘ங்கா’ போதும். மற்ற இடங்களில் மாமன் எழுந்து விளக்கைப் போடுவதை எழுதுங்கள்.