மேசைக்கு நால்வர்

வணக்கம்.

எங்கள் அலுவலகத்தில் 28 பேர். விற்பனையில் 9, வடிவமைப்பில் 7, வாடிக்கையாளர் சேவையில் 7, கணக்கில் 5. சென்ற ஒன்றுகூடலில் எல்லாரும் அவரவர் பிரிவோடே உட்கார்ந்து, சாப்பிட்டு, கிளம்பிவிட்டார்கள். நடுவில் ஒவ்வொருவராக எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னபோது பாதிப் பேர் கைப்பேசியில் இருந்தார்கள். இந்த முறை பொறுப்பு என் தலையில். நல்ல விளையாட்டுகள் நாலைந்து சொல்ல முடியுமா? என் பெயரைப் போட வேண்டாம்.

வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

விளையாட்டைப் பிறகு பார்க்கலாம். சென்ற முறை சொதப்பியதற்கு விளையாட்டு காரணமில்லை. யார் யாரோடு உட்காருவது என்பதை அவரவர் கால்களிடம் விட்டுவிட்டார்கள், கால்கள் தெரிந்த முகத்தை நோக்கித்தான் போகும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் இங்கிராமும் மைக்கேல் மோரிஸும் ஒரு மாலை விருந்துக்கு வந்த நிர்வாகிகளின் சட்டையில் மின்னணு வில்லைகளை மாட்டி, யார் யாரோடு பேசினார்கள் என்று பதிவுசெய்து 2007இல் வெளியிட்டார்கள். புதியவர்களைச் சந்திக்கத்தான் வருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னவர்களும் பெரும்பாலும் ஏற்கெனவே பழகியவர்களோடுதான் நின்றிருந்தார்கள்.

அறிமுகச் சுற்றைத் தயங்காமல் வெட்டுங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒவ்வொருவரும் பேசுவது 1 நிமிடம், வாய்மூடி உட்கார்ந்திருப்பது 27. தன் முறை வரும்வரை என்ன சொல்வது என்ற பதற்றம், வந்துபோனபின் அப்பாடா என்ற நிம்மதி. இதில் அடுத்தவர் சொல்வது எங்கே காதில் விழும்?

ஒரே பேச்சில் இயல்பாகச் சேர்ந்திருக்கக்கூடியவர்கள் சுமார் நான்கு பேர் என்பது பிரிட்டிஷ் உளவியலாளர் ராபின் டன்பாரின் ஆய்வுகளில் தெரியவந்தது. ஐந்தாவது, ஆறாவது ஆள் வந்தால் பேச்சு இரண்டாக உடையும், அல்லது ஒருவர் சொற்பொழிவாற்ற மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆகவே மேசைக்கு நால்வர், 7 மேசை. எட்டு பேர் உட்காரும் பெரிய மேசைதான் இருக்கிறது என்றால் நாற்காலிகளை ஒரு முனைக்கு இழுத்துப் போடுங்கள். எதிரில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். பின்னணி இசை சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்.

இனி மேசை மாற்றம். இதுதான் முழு வேலையும். ஒவ்வொரு மேசையிலும் அ, ஆ, இ, ஈ என்று நான்கு இடங்கள். ஒரு சுற்று முடிந்ததும் அ அங்கேயே இருப்பார். ஆ ஒரு மேசை தள்ளிப் போவார், இ இரண்டு, ஈ மூன்று. ஏழுக்கு அடுத்தது ஒன்று. எல்லாரையும் கணக்குப் போட வைக்காதீர்கள், மூன்று சுற்றுக்குமான மேசை எண்களைச் சீட்டில் எழுதியே கொடுத்துவிடுங்கள். ஆறாம் மேசையில் தொடங்கும் ஈ-யின் சீட்டில் 6, 2, 5 என்றிருக்கும். மூன்று சுற்றில் ஒவ்வொருவரும் ஒன்பது வெவ்வேறு ஆட்களோடு உட்கார்ந்திருப்பார், ஒருவரோடும் இரண்டாம் முறை அல்ல.

இந்த முறையில் இன்னொரு வசதி உண்டு. ஒரே எழுத்து உள்ளவர்கள் எந்தச் சுற்றிலும் ஒரே மேசையில் சேர மாட்டார்கள். எனவே ஒரு பிரிவுக்கு ஒரு எழுத்து. வடிவமைப்பு ஏழு பேருக்கும் ஆ, வாடிக்கையாளர் சேவைக்கு இ, விற்பனையில் ஏழு பேருக்கு ஈ. மிஞ்சும் இரண்டு விற்பனைக்காரர்கள் கணக்குப் பிரிவு ஐந்து பேரோடு சேர்ந்து அ ஆவார்கள். அந்த இருவருக்கு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் சொந்தப் பிரிவு ஆள் ஒருவர் கூட இருப்பார், இடம் மாறவும் வேண்டியதில்லை. கூச்ச சுபாவமுள்ள இருவரை அதற்குத் தேர்ந்தெடுங்கள். நடக்கச் சிரமப்படுபவர் யாராவது இருந்தால் அவருக்கும் அ.

சுற்று முடிந்ததென்று மணி அடிப்பது நீங்கள் என்றால் ஆட்டத்தில் 27 பேர்தான். அன்று இரண்டு மூன்று பேர் வராமலும் போவார்கள். வெற்றிடங்கள் வெவ்வேறு எழுத்தில் விழுந்தால் ஏதோ ஒரு சுற்றில் ஒரு மேசையில் இருவர் மட்டும் மிஞ்சலாம். இருவர் முகத்தை முகம் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மூவர் மேல். எல்லா வெற்றிடங்களும் உங்கள் எழுத்திலேயே விழும்படி வையுங்கள். வேறு எழுத்துக்காரர் வராவிட்டால் உங்கள் எழுத்துக்காரர் ஒருவரின் சீட்டை வாங்கிக்கொண்டு அந்த இடத்துக்கு மாற்றுங்கள். ஏழு பேர் குறைந்தாலும் எந்த மேசையிலும் மூவருக்குக் குறையாது.

யாராவது 24 பேருக்கு 6 மேசை போட இதை எடுத்தால் மாட்டிக்கொள்வார்கள். ஈ இருமுறை மும்மூன்றாக நகர்ந்தால் ஆறு, சுற்றி வந்து முதல் சுற்றில் பார்த்த அதே அ-வின் எதிரில் உட்காருவார். அவர்களுக்கு 5 மேசை, மேசைக்கு ஐவர் என்று வைப்பது மேல். ஐந்தாவது எழுத்து உ, நான்கு மேசை தள்ளிப் போகும்.

இப்போது விளையாட்டு. நாலைந்து தேவையில்லை, ஒன்று போதும்: மதிப்பிடும் கேள்விகள். இந்த ஜாடியில் எத்தனை பித்தான்கள்? தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை எத்தனை படிகள்? இந்தக் கட்டு சாவிகளின் எடை எத்தனை கிராம்? இருபது வருட அனுபவசாலிக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் இதில் சம அறியாமை. பொது அறிவு வினா வைத்தால் விடை தெரிந்த ஒருவர் பேசுவார், மற்ற மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். முதல் 20 வினாடி யாரும் பேசாமல் தத்தம் எண்ணை எழுத வேண்டும், அப்புறம்தான் விவாதம். இந்த விதியை விட்டுவிட்டால் முதலில் சத்தமாகச் சொல்லப்பட்ட எண்ணைச் சுற்றியே மற்ற எண்களும் வந்து நிற்கும். உண்மைக்கு மிக அருகில் வந்த மேசையில் இருக்கும் எல்லாருக்கும் தலா ஒரு புள்ளி. ஆள் மாறினாலும் புள்ளி அவர் சீட்டோடு போகும். பரிசு சிறியதாக இருக்கட்டும். பெரிதானால் நாலு பேர் விதிமுறை வழக்கறிஞர்களாகிவிடுவார்கள்.

கேள்விக்கு 3 நிமிடம், சுற்றுக்கு நான்கு கேள்வி, இடம்மாற 3 நிமிடம். மூன்று சுற்றுக்கு 45 நிமிடம். முன்னால் வந்து சேர 10, மேலாளர் பேச்சும் விதிமுறையும் சேர்த்து 5, பின்னால் சாப்பாட்டோடு கட்டுப்பாடில்லாத 30. மொத்தம் ஒன்றரை மணி நேரம், வேலை நேரத்துக்குள். மாலை ஆறு மணிக்கு வைத்தால் வீட்டில் குழந்தையோ வயதானவர்களோ உள்ளவர்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாட்டை முன்னால் வைக்காதீர்கள். தட்டோடு யாரும் மேசை மாற மாட்டார்கள்.

மேலாளருக்கும் ஒரு சீட்டுதான், நகரும் எழுத்தில். ஓரிடத்தில் உட்காரவைத்தால் அந்த மேசை அவருடைய அறையாகிவிடும்.

அந்தரங்கத்தைக் கிளறும் ஆட்டங்கள், ஒருவரை எல்லாருமாகக் கேலிசெய்யும் ஆட்டங்கள், உடம்பைத் தொடவேண்டியவை எதுவும் வேண்டாம். மறுப்பவர் எல்லார் முன்னாலும் மறுக்க வேண்டியிருக்கும், அது அவருக்கு வேலையைவிடக் கடினம்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இருந்தால் அவர்களைச் சுவரிலுள்ள ஒரு திரையில் ஒட்டிவைக்காதீர்கள், அது அவர்களுக்குக் கூட்டத்தைச் சன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பது போல. தனியாக ஒரு நாள் எல்லாரும் அவரவர் கணினியிலிருந்து சேரட்டும், மேசைக்குப் பதில் நால்வர் அறைகள். கணக்கு இதேதான்.

பித்தான்களை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, இரண்டு எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். தோற்ற மேசைக்காரர் ஒருவர் ஜாடியைக் கவிழ்த்து எண்ணியே தீருவார்.